எழுதுபவர், சுவர்க்காரர், துடைப்பவர்: கிராஃபிட்டி சண்டையின் பின்னணி

1971-ல் நியூயார்க் நகரத்தில் 'டாக்கி 183' என்ற எழுத்து கண்ணில் படாமல் ஒரு தெருவைக் கடப்பதே கஷ்டம். சுவர், தபால் பெட்டி, சுரங்க ரயில் நிலையத் தூண் என்று ஒன்றையும் அது விட்டுவைக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலை 21 அன்று நியூயார்க் டைம்ஸ் ஆளைக் கண்டுபிடித்துச் செய்தி போட்டது. 183-வது தெருவில் வசித்த ஒரு பதின்ம வயதுப் பையன். கடிதம், பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. நகரம் முழுக்கச் சுற்றினான், போகிற இடமெல்லாம் மார்க்கர் பேனாவால் தன் செல்லப் பெயரையும் தெரு எண்ணையும் எழுதினான். அவ்வளவுதான். கட்சி இல்லை, கோஷம் இல்லை.

இந்தப் பழக்கத்தை அவன் தொடங்கவில்லை. ஜூலியோ 204 என்று ஒருவர் அவனுக்கு முன்பே எழுதிக்கொண்டிருந்தார். பிலடெல்பியாவில் 'கார்ன்பிரெட்' என்ற பெயர் 1960-களின் பிற்பகுதியிலேயே பிரபலம். ஆனால் பெரிய பத்திரிகையில் பெயர் வந்ததும் கதை மாறியது. சுவரில் எழுதினால் ஊருக்கே தெரிந்த ஆளாகலாம் என்பது மற்ற பையன்களுக்குப் புரிந்துவிட்டது. ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயரை வெளிச்சமே மறையும் அளவுக்கு எழுதிவைக்கும் நமக்கு இந்த ஆசை ஒன்றும் விளங்காததல்ல. அதே செய்தியில் இன்னொரு தகவலும் இருந்தது. முந்தைய ஆண்டில் ரயில் நிர்வாகம் இத்தகைய எழுத்துகளை அழிக்கச் சுமார் 3 லட்சம் டாலர் செலவிட்டிருந்தது. புகழும் துடைக்கும் செலவும் ஒரே பக்கத்தில் அச்சாகின.

பொது இடத்துச் சுவர்களில் இப்படி எழுதுவதையும் வரைவதையும் கிராஃபிட்டி என்பார்கள். அப்போதிலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அது கலையா அல்லது ஊருக்குக் கேடா என்று பட்டிமன்றம் நடக்கிறது. இரண்டு அணிகளிடமும் நல்ல வாதங்கள் இருக்கின்றன, தீர்ப்பு மட்டும் வந்தபாடில்லை. காரணம் எளிது என்றே எனக்குத் தோன்றுகிறது. இவை எதிரெதிர் பதில்கள் அல்ல. ஒரு படம் அருமையான கலையாக இருந்துகொண்டே இன்னொருவர் வீட்டுச் சுவரைக் கெடுக்கலாம். அசிங்கமான கிறுக்கல் ஒன்று யாருக்கும் கெடுதல் செய்யாமலும் இருக்கலாம். அழகா இல்லையா என்று பார்ப்பதற்கு முன், அது யாருடைய சுவர், அதை யார் துடைக்கப் போகிறார், துடைத்தால் போகுமா என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஓடுகிற சுவர்

சுவரில் எழுதினால் அந்தத் தெருக்காரர்கள்தான் பார்ப்பார்கள். ரயிலில் எழுதினால், நகரின் ஒரு மூலையான பிராங்க்ஸில் எழுதியதை இன்னொரு மூலையான புரூக்ளினில் இருப்பவரும் பார்ப்பார். நியூயார்க் பையன்கள் 1970-களின் தொடக்கத்திலேயே இதைப் பிடித்துக்கொண்டார்கள். இரவில் பெட்டிகள் நிறுத்திவைக்கப்படும் யார்டுகளுக்குள் வேலியேறிக் குதித்தார்கள். ஸ்பிரே டப்பாவின் மூக்கைக் கழற்றி, வேறு டப்பாக்களின் அகலமான மூக்கை மாட்டினார்கள். கோடு தடித்தது, எழுத்து வளர்ந்தது.

இவர்களுக்குள்ளேயே தனி அகராதி உருவானது. ஒரே இழுப்பில் போடும் கையெழுத்து 'டேக்'. ஓரிரு நிறத்தில், உப்பிய எழுத்தில், சில நிமிடங்களில் முடிப்பது 'த்ரோ-அப்'. நேரமெடுத்து, பல நிறங்களில், நிழலும் பின்னணியுமாகச் செய்வது 'பீஸ்'. கற்றுக்குட்டியை 'டாய்' என்று நக்கலடிப்பார்கள். இன்னொருவர் எழுதியதன் மேல் எழுதினால் சண்டை வரும். பெட்டியின் மேலிருந்து கீழ்வரை ஜன்னலையும் சேர்த்து வரைவது பெரிய சாதனை. 1976-ல் ஃபேபுலஸ் 5 என்ற குழு ஒரு ரயிலின் 10 பெட்டிகளையும் வரைந்து முடித்தது. 1980-ல் ஃபேப் 5 ஃபிரெட்டி ஒரு பெட்டி நெடுக சூப் டப்பா ஓவியங்களால் புகழ்பெற்ற ஆண்டி வார்ஹோலின் பாணியில் சூப் டப்பாக்களை வரைந்தார். அருங்காட்சியகத்தில் தொங்கும் படத்துக்கு ரயில் பெட்டியிலிருந்து ஒரு பதில் போல இருந்தது அது. ஈக்வடாரில் பிறந்து நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வளர்ந்த லேடி பிங்க், ஆண்களே நிறைந்திருந்த இந்தக் கூட்டத்துக்குள் 1979-ல் நுழைந்து, ஐந்தாறு ஆண்டுகள் ரயில்களில் வரைந்தார். அவரை மறக்க வேண்டாம், பிறகு ஒரு நீதிமன்ற வழக்கில் வருவார்.

'பீஸ் எல்லாம் கலை, டேக் எல்லாம் கிறுக்கல்' என்று பிரித்து, முதலாவதை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று பலர் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அப்படிப் பிரிக்க முடிந்ததில்லை. பெரிய பீஸ் வரைந்தவர்கள் எல்லோரும் ஆயிரம் டேக் எழுதித்தான் கையைப் பழக்கினார்கள். பீஸின் நடுவில் இருப்பதும் அதே பெயர்தான், அதே எழுத்துதான். ஒன்றை ரசித்துவிட்டு மற்றதற்குக் கைது வாரண்ட் போடும்போது, நாம் இரண்டு வெவ்வேறு ஆட்களைக் கற்பனை செய்துகொள்கிறோம். இருந்தது ஒரே ஆள்.

சரி, பயணிகள் பக்கம் என்ன? வெளிப்பக்கப் படங்களை ரசித்தவர்கள் உண்டு. ஆனால் பெட்டிக்குள் உட்கார்ந்து போகிறவருக்குக் கிடைத்தது படம் அல்ல. வழித்தட வரைபடத்தின் மேலும், ஜன்னல் கண்ணாடி மேலும் கறுப்பு மையில் குவிந்த டேக்குகள். எந்த நிலையம் வருகிறது என்று வெளியே எட்டிப் பார்க்கக்கூட முடியாத பெட்டிகள் ஓடின. 1975-ல் நியூயார்க் நகராட்சி ஏறக்குறைய திவாலாகும் நிலைக்குப் போனது, பராமரிப்புப் பணம் வெட்டப்பட்டது, ரயில்கள் அடிக்கடி பழுதாகி நின்றன. இந்தச் சூழலில் எழுத்து என்பது வெறும் எழுத்தாகத் தெரியவில்லை. சமூகவியலாளர் நேதன் கிளேசர் 1979-ல் இதைத்தான் சுட்டிக்காட்டினார். தினமும் ஒரு மணி நேரம் இந்தப் பெட்டியில் அடைபட்டுப் போகிறவருக்கு, இந்த இடத்தை யாரும் கவனிக்கவில்லை, யாராலும் கட்டுப்படுத்தவும் முடியாது என்ற எண்ணம் வருகிறது, பயம் அங்கிருந்து தொடங்குகிறது என்பது அவர் வாதம்.

கேடு என்று சொல்பவர்களின் வாதங்களில் நான் மதிப்பது இதைத்தான். பையனின் கையில் இருந்தது பெயிண்ட் டப்பா மட்டும்தான் என்பது உண்மை. இரவு வேலை முடித்துத் தனியாக வீடு திரும்பும் நர்ஸ் அம்மாவுக்கு அந்தப் பெட்டி பயமாக இருந்தது என்பதும் உண்மை. அந்தப் பயத்தை, கலை தெரியாதவர்களின் மிரட்சி என்று தள்ளிவிட முடியாது.

உடைந்த ஜன்னலும் ஐந்து யூரோவும்

1982-ல் ஜேம்ஸ் கியூ. வில்சன், ஜார்ஜ் கெல்லிங் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த உணர்வை ஒரு கோட்பாடாக்கினார்கள். உடைந்த ஒரு ஜன்னலைச் சரிசெய்யாமல் விட்டால் மற்ற ஜன்னல்களும் உடையும், சின்ன ஒழுங்கீனத்தைச் சகித்தால் பெரிய குற்றம் வரும் என்றார்கள். கிளேசர் சொன்னதையும் அதில் எடுத்தாண்டார்கள். பிற்பாடு உலகெங்கும் போலீஸ் துறைகள் இதைப் பிடித்துக்கொண்டன.

இதைச் சோதித்துப் பார்த்ததில் புகழ்பெற்றது, நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வு. சைக்கிள் நிறுத்தும் சந்து ஒன்றில், 'கிராஃபிட்டி தடை' என்ற பலகை இருக்கும்போதே, சுவரை ஒருமுறை சுத்தமாகவும் ஒருமுறை கிறுக்கலோடும் வைத்தார்கள். சைக்கிள் கைப்பிடியில் ஒரு துண்டுச் சீட்டைக் கட்டினார்கள். குப்பைத் தொட்டி கிடையாது. சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் சீட்டைக் கீழே போட்டார்கள். கிறுக்கல் இருந்தபோது 69 சதவீதம். இன்னொரு சோதனையில், தபால் பெட்டியிலிருந்து 5 யூரோ நோட்டு உள்ளே இருப்பது தெரியும் ஒரு உறையைத் துருத்தியபடி விட்டார்கள். பெட்டி சுத்தமாக இருந்தால் 13 சதவீதம் பேர் திருடினார்கள், பெட்டியில் கிறுக்கல் இருந்தால் 27 சதவீதம்.

கவனிக்க வேண்டிய எண்கள்தான். ஆனால் சந்தில் சீட்டுப் போடுவதும் கொலை, கொள்ளையும் ஒன்றல்ல. இந்த ஆய்வில் இருந்தவையும் எளிய கிறுக்கல்களே, வண்ணமயமான பெரிய ஓவியங்கள் அல்ல. நியூயார்க்கையே எடுத்துக்கொண்டால், ரயில்களிலிருந்து கிராஃபிட்டி முழுக்கத் துடைக்கப்பட்டது 1989-ல். அடுத்த ஆண்டான 1990-ல்தான் நகரத்தில் 2,245 கொலைகள் நடந்தன, அது உச்சம். அப்புறம்தான் இறக்கம். இதை வைத்துக் கோட்பாடு பொய் என்று சொல்லிவிட முடியாது. பெட்டியைத் துடைத்தால் ஊர் திருந்தும் என்று நேர்க்கோடு போடுவதற்கும் இதில் இடமில்லை. பெட்டி சுத்தமானால் பயணிக்கு நிம்மதி. அந்த ஒரு காரணம் போதாதா, கொலைக் கணக்கை ஏன் இழுக்க வேண்டும்?

ரயில்கள் எப்படிச் சுத்தமாயின என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மேயர் ஜான் லிண்ட்சே 1972-ல் சட்டம் கொண்டுவந்தார். எழுத்து குறையவில்லை. மேயர் எட் காட்ச் 1981-ல் குவீன்ஸின் கொரோனா பகுதியில் இருந்த ரயில் யார்டைச் சுற்றி முள்கம்பி சுருட்டிய இரட்டை வேலி போட்டு, நடுவில் காவல் நாய்களை விட்டார், பெட்டிகளுக்கு வெள்ளையடித்தார். ஓர் யார்டில் பலித்தது, பக்கத்து யார்டில் எழுதினார்கள். 1984-ல் ரயில் நிர்வாகத்தின் தலைவராக வந்த டேவிட் கன் வேறு வழி பார்த்தார். ஒவ்வொரு தொகுதியாகப் பெட்டிகளைச் சுத்தம் செய்தார். சுத்தமான பெட்டியில் மறுபடி எழுத்து விழுந்தால், துடைத்து முடிக்கும்வரை அந்தப் பெட்டி ஓடாது. பயணிக்கு இடைஞ்சலானாலும் சரி. விடிய விடிய வரைந்தவர் மறுநாள் நடைமேடையில் கேமராவோடு காத்திருந்தால், அவர் பெயர் வரவே வராது. எழுதுவதே ஊர் பார்க்கத்தான் என்னும்போது, பார்வையாளரை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? கூடவே புதிய பெட்டிகள் வாங்கவும் பராமரிக்கவும் பணமும் வந்தது. 1989 மே 12 அன்று, எழுத்துள்ள கடைசிப் பெட்டி சேவையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள், ஐந்து ஆண்டுகள். தண்டனை சாதிக்காததைப் பொறுமையாகத் துடைத்தவர்கள் சாதித்தார்கள்.

தண்டனை செய்த கேடு

கேடு பற்றிப் பேசும்போது ஒரு பக்கம் விடுபட்டுப் போகிறது. 1983 செப்டம்பர் 15 அதிகாலையில், மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞரை, ரயில் நிலையச் சுவரில் எழுதினார் என்று சொல்லி ரயில்வே போலீஸ் கைது செய்தது. மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோது அவருக்கு நினைவில்லை. 13 நாள் கோமாவில் இருந்து இறந்தார். வழக்கில் நின்ற ஆறு போலீஸாரும் 1985-ல் விடுவிக்கப்பட்டார்கள்.

அதே காலத்தில் அதே தெருக்களில் 'சேமோ' என்ற பெயரில் சுவரெழுதத் தொடங்கி, ஓவியராக உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர் ழான்-மிஷேல் பாஸ்கியா. அவரும் கறுப்பினத்தவர், ஸ்டூவர்ட்டை விட இரண்டு வயது இளையவர். செய்தி கேட்டு நிலைகுலைந்துபோன அவர், ஓவிய நண்பர் கீத் ஹேரிங்கின் ஸ்டூடியோ சுவரில் அந்த மரணத்தை வரைந்தார். அவர் 1982-ல் வரைந்த இன்னொரு ஓவியம் 2017-ல் 11 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. ஒரே ஊர், ஒரே தலைமுறை, ஒரே பழக்கம். ஒருவருக்கு அருங்காட்சியகம், இன்னொருவருக்கு சவக்கிடங்கு. எழுதிய குற்றத்தைத் துடைக்க ஒரு வாளித் தண்ணீரும் கரைப்பானும் போதும் என்ற இடத்தில், ஊருக்கு உண்மையில் கேடு செய்தது யார் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

அனுமதி கொடுத்தவரே அழித்தால்

இப்போது லேடி பிங்க் வரும் வழக்கு. குவீன்ஸின் லாங் ஐலண்ட் சிட்டியில், 7-ம் எண் ரயிலில் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்படி ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம் இருந்தது. உரிமையாளர் ஜெர்ரி வுல்காஃப் சுவரில் வரைய அனுமதித்தார். 2002 முதல் மெரெஸ் ஒன் என்ற பெயரில் வரையும் ஜோனதன் கோஹன் இதை '5பாயிண்ட்ஸ்' என்று பெயரிட்டு நடத்தினார். யார் எங்கே வரையலாம், எந்தச் சுவர் சில நாளில் மாறும், எது நீண்ட நாள் நிற்கும் என்பதற்கெல்லாம் ஒழுங்கு இருந்தது. உலகெங்குமிருந்து ஆட்கள் வந்து வரைந்தார்கள், சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள்.

அந்தப் பகுதியில் நிலத்தின் விலை ஏறியது. கட்டடத்தை இடித்துவிட்டு அடுக்குமாடிக் கோபுரங்கள் கட்ட வுல்காஃப் முடிவு செய்தார். ஓவியர்கள் நீதிமன்றம் போய்த் தடை கேட்டார்கள். நீதிபதி ஃபிரெடெரிக் பிளாக் தடை தர மறுத்தார், விரிவான எழுத்துத் தீர்ப்பு பின்னால் வரும் என்றார். அது வருவதற்குள், 2013 நவம்பர் 19 இரவோடிரவாக எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துவிட்டார் வுல்காஃப். இடிப்பதற்கான அனுமதிக்கு அவர் அப்போது விண்ணப்பிக்கக்கூட இல்லை.

அமெரிக்காவில் 1990-ல் வந்த காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம் ஒன்று உண்டு. 'அங்கீகரிக்கப்பட்ட தகுதி' உள்ள ஓவியத்தை, அது இன்னொருவர் சொத்தில் இருந்தாலும், நினைத்தபடி அழித்துவிட முடியாது. பெயர்த்தெடுக்கக்கூடியதாக இருந்தால் ஓவியருக்கு 90 நாள் அவகாசம் தர வேண்டும். 21 ஓவியர்கள் இந்தச் சட்டத்தின்கீழ் வழக்காடினார்கள், அவர்களில் லேடி பிங்க்கும் ஒருவர். 2018 பிப்ரவரியில் அதே நீதிபதி பிளாக், 45 ஓவியங்களுக்குத் தலா 1,50,000 டாலர், மொத்தம் 67,50,000 டாலர் இழப்பீடு விதித்தார். சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு அது. வுல்காஃப் திமிராக நடந்துகொண்டிருக்காவிட்டால் இந்த அளவு தொகை வந்திருக்காது என்று தீர்ப்பிலேயே எழுதினார். 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது, உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. சில காலமே நிற்கும் என்று தெரிந்து வரைந்த ஓவியத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்பது இதில் முக்கியமான அம்சம்.

கலைக்குக் கிடைத்த வெற்றி என்று கொண்டாடினார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேறு ஒன்றும் தெரியும். 1997-லேயே நியூயார்க்கில் இன்னொரு நீதிமன்றம், உரிமையாளர் சம்மதமில்லாமல் வைத்து, பெயர்த்தெடுக்கவும் முடியாத படைப்புக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லியிருந்தது. 5பாயிண்ட்ஸ் ஓவியர்களிடம் அனுமதி இருந்தது. லேடி பிங்க் 1980-ல் ரயிலில் வரைந்தது எவ்வளவு சிறப்பாக இருந்திருந்தாலும், அதை அழித்த ரயில் நிர்வாகத்திடம் ஒரு சென்ட் கேட்டிருக்க முடியாது. அவருடைய கை அதே கைதான். சட்டம் முதலில் அனுமதியைப் பார்த்தது, பிறகுதான் ஓவியத்தின் தரத்தை.

வுல்காஃப் புதிய கோபுரங்களுக்கும் 5பாயிண்ட்ஸ் என்ற பெயரையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய முயன்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓவியம் வேண்டாம், அது சம்பாதித்துக் கொடுத்த பெயர் மட்டும் வேண்டும். கிராஃபிட்டியால் ஏரியாவின் மதிப்பு போய்விடும் என்பார்கள். இங்கே மதிப்பு ஏறிய ஏரியாவிலிருந்து கிராஃபிட்டிதான் வெளியேற்றப்பட்டது.

துடைத்தால் போகாதது

ரயில் பெட்டியைத் துடைக்கலாம். எல்லாச் சுவரையும் அப்படித் துடைக்க முடியாது. இலங்கையின் சிகிரியாவில், ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் காலத்தில் மெருகேற்றிய 'கண்ணாடிச் சுவர்' இருக்கிறது. மேலே பாறையில் தீட்டப்பட்ட பெண்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், பல நூற்றாண்டுகளாக இந்தச் சுவரில் கூரிய முனையால் கவிதை கீறிவிட்டுப் போனார்கள். எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை எழுதப்பட்டவை அதிகம். தொல்லியலாளர் செனரத் பரணவிதான 685 பாடல்களைப் படித்து 1956-ல் வெளியிட்டார். சிங்கள மொழியின் ஆரம்பகால இலக்கியத்துக்கு இவை பெரிய ஆதாரம். அனுமதி கேட்டு எழுதியவர் அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்?

2015 பிப்ரவரியில் சுற்றுலா வந்த ஓர் இளம்பெண் இதே சுவரில் தன் பெயரைக் கீறினார். இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை. அவர் ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பெண் என்பதால் விஷயம் பெரிதானது, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மன்னிப்பளித்து விடுவித்தார். பழையவர் எழுதினால் இலக்கியம், இவர் எழுதினால் சிறையா என்று அப்போது கேட்டார்கள். தண்டனை மிக அதிகம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு ஓட்டை இருக்கிறது. இன்று அங்கே விழும் ஒவ்வொரு புதிய கீறலும் ஏதோ ஒரு பழைய எழுத்தின் மேல் விழலாம், விழுந்தால் இரண்டையும் மீட்க முடியாது. நம் கோயில் மண்டபத் தூண்களில் கல்வெட்டுக்குப் பக்கத்தில் இதயமும் அம்பும் வரைந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

தார்ச் சட்டி முதல் கண்ணகி நகர் வரை

பொதுச் சொத்தில் எழுதுவதைத் தமிழ்நாட்டு அரசியலிலிருந்து பிரிக்கவே முடியாது. 1952-ல் பெரியாரின் அழைப்பில் ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் இந்தி எழுத்துகள் தார் பூசி அழிக்கப்பட்டன. 1953 ஜூலையில் கல்லக்குடியில் கருணாநிதியும் தோழர்களும் 'டால்மியாபுரம்' என்ற பெயரின் மேல் 'கல்லக்குடி' என்று எழுதிய தாளை ஒட்டினார்கள், தண்டவாளத்தில் படுத்தார்கள். சட்டத்தின் கண்ணில் அது பொதுச் சொத்தைச் சிதைத்தது. தமிழ்நாட்டு வரலாற்றில் அது ஒரு தலைவரின் அரசியல் பிறந்தநாள் மாதிரி. 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி ரயில் நிலையத்தில் மறுபடி இந்தி எழுத்து கறுப்பானபோதும் வழக்கு ஒரு பக்கம், கைதட்டல் ஒரு பக்கம் என்றுதான் போனது.

இதற்கு நடுவில் 1959-ல் திறந்தவெளி இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அடுத்தவர் சுவரில் அனுமதியில்லாமல் விளம்பரம் எழுதக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதிகளும் சொல்கின்றன. ஆனாலும் தேர்தலுக்கு வெகு முன்பே சுண்ணாம்படித்து, கட்சிப் பெயரையும் ஆண்டையும் போட்டுச் சுவரை 'புக்' செய்யும் வழக்கம் ஊருக்கு ஊர் உண்டு. வீட்டுக்காரர் சரி என்றாரா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர் இருந்தாரா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். ஒரு பையன் ஸ்பிரே டப்பாவோடு நின்றால் பொறுக்கி, ஒரு வட்டச் செயலாளர் பெயிண்டரோடு நின்றால் பிரச்சாரம். சுவர் கெடுகிறது என்று கவலைப்படுகிறவர்கள் கணக்கை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அனுமதி எல்லாம் ஒழுங்காக இருந்தும் கேள்வி மிஞ்சும் இடம் சென்னை கண்ணகி நகர். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் பல குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்டவர்களை 2000-த்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வேலை இருந்த இடம் தூரமானது, 'கண்ணகி நகர்' என்று முகவரி சொன்னால் வேலை கிடைக்காது என்று இளைஞர்கள் சொல்லும் நிலை வந்தது. 2020-ல் தெருச் சுவரோவியங்களை முன்னெடுக்கும் ஸ்டார்ட் (St+art) இந்தியா அமைப்பு, மாநகராட்சியோடும் ஏஷியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து, அந்த அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களை வரைய வைத்தது. ஏ-கில் போன்ற சென்னை ஓவியர்களும் வரைந்தார்கள். படங்கள் உண்மையிலேயே கம்பீரமானவை. வெளியூர்க்காரர்கள் கேமராவோடு கண்ணகி நகருக்குள் வந்தார்கள், அதுவரை அப்படி யாரும் வந்ததில்லை.

நகரத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் சுவருக்கு வண்ணம் பூசுவது, தள்ளியதை மறைப்பதாகாதா என்று விமர்சித்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் பாதி மனம். வண்ணம் வந்ததால் எந்தக் குழந்தைக்கும் நஷ்டமில்லை. தண்ணீர், பேருந்து, வேலை என்ற தேவைகளின் பட்டியலில் ஒன்றும் அதனால் குறையவும் இல்லை. கண்ணகி நகர் என்ற பெயரை ஊர் வேறு குரலில் உச்சரிக்கத் தொடங்கியதற்கு, 2025-ல் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்று வந்த கபடி வீராங்கனை கார்த்திகா செய்தது, அத்தனை சுவர்களும் சேர்ந்து செய்ததைவிட அதிகம் என்பேன்.

இந்தச் சுவர்கள் நாளை அழிக்கப்பட்டால் ஓவியருக்கு என்ன உரிமை? இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு படைப்பாளியின் தார்மீக உரிமையை, அதாவது தன் படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையைச் சொல்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு 1979-ல் கழற்றிச் சேதப்படுத்தியதற்காக வழக்காடிய சிற்பி அமர்நாத் சேகல், 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வென்றார். மிச்சமிருந்த துண்டுகள் அவரிடம் திரும்பின, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் கிடைத்தது. 2019-ல் அதே நீதிமன்றம், டெல்லி பிரகதி மைதானத்தின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சிக் கூடம் இடிக்கப்பட்ட வழக்கில், அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ராஜ் ரேவாலுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நில உரிமையாளர் தன் கட்டடத்தை முழுதாக இடிப்பதைக் கலைஞர் தடுக்க முடியாது என்றது. கண்ணகி நகர் ஓவியங்கள் இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் நிற்கின்றன. படத்தின் மேல் கட்சி விளம்பரம் எழுதினால் சேகல் வழக்கைக் காட்டலாம். அந்த வீடுகளைக் கட்டிய அரசு வாரியம் அடுக்குமாடியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட முடிவெடுத்தால், காட்டப்படுவது ரேவால் வழக்காக இருக்கும். அங்கே குடியிருப்பவர்களின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்று இரண்டு தீர்ப்பிலும் ஒரு வரி கிடையாது, அவர்கள் அந்த வழக்குகளில் தரப்பே அல்ல.